ஆற்றில் இறக்கிய அமானிதம்

எங்கள் காக்காவுக்கு மார்க்க ஞானம் அதிகம். என்னைவிட எட்டு வயது மூத்த அண்ணன், பள்ளிவாசல் கமிட்டி மெம்பர். பிறை விவகாரத்தில் ஊர் இரண்டுபடும்போது வானத்தை அண்ணாந்து பார்க்காமலே தீர்ப்புச் சொல்லக்கூடியவர். அப்பேர்ப்பட்ட ஒருவரைக் குடும்பத்தில் வைத்துக்கொண்டு, ஒரு யூதருடைய தொழுகைச் சாமான்களை நாங்கள் இருபது வருடம் பத்திரமாக வைத்திருந்தோம். அது சாதனைதான். இருபதாவது வருடம் காக்கா அவற்றுக்கு மரியாதை செய்ய முடிவெடுத்தார்.

அந்தச் சாமான்கள் எங்களிடம் வந்தபோது ரங்கூனில், ஆற்றங்கரைப் பக்கம் போட்டாதாங்கில் குடியிருந்தோம். கீழே வாப்பாவின் கயிற்றுக்கடை. படகுக்காரர்களுக்குக் கயிறு, தார்ப்பாய், ஆணி விற்பார். இரண்டாம் மாடியில் வாப்பா, காக்கா, காக்காவின் மனைவியான மதினி, கல்யாணமாகாத நான். உம்மா அதற்கு முன்பே மௌத்தாகிவிட்டார். மூன்றாம் மாடியில் கடிகாரம் பழுதுபார்க்கும் கிழவர் ஒருவர், தனியாள். அவரைச் சயா என்போம். பர்மாவில் வாத்தியார், வைத்தியர், ரேடியோ மெக்கானிக் எல்லாருமே சயாதான். விஷயம் தெரிந்தவர் என்று தெரு நம்பினால் போதும்.

சனிக்கிழமை தவிர எல்லாக் காலையும் சயா பால்கனியில் நிற்பார். கறுப்புக் கோடு போட்ட வெள்ளைக் கம்பளிச் சால்வை தலைவழியாக இறங்கியிருக்கும், நாலு மூலையிலும் முடிச்சுப் போட்ட நூல். நெற்றிக்கு மேலே ஒரு கறுப்புத் தோல் பெட்டி, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் உயரம். இடது புஜத்தில் இன்னொன்று. அதன் தோல்வாரை முழங்கை தொடங்கி விரல்வரைக்கும் சுற்றியிருப்பார். கையில் அட்டை போன ஒரு புத்தகம். மேற்கே பார்த்து முணுமுணுப்பார். வாப்பாவும் மேற்கே பார்த்துத்தான் தொழுவார், மாடிதான் வேறு.

இதைப் பற்றி எங்கள் கட்டடத்தில் மாடிக்கு ஒரு கருத்து இருந்தது. வெற்றிலைக்கடை பர்மாக்காரம்மா, அது தலைவலிக்கு வெள்ளைக்காரன் கண்டுபிடித்த வைத்தியம் என்றார். முதல் மாடியில் இருந்த கிறிஸ்தவத் தமிழர், ஒரு ஷிப்பிங் ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டயரானவர், பைபிளில் உள்ள சங்கதிதான் என்று அடித்துச் சொன்னார். எந்த அதிகாரம் என்று கேட்டேன். பார்த்துச் சொல்கிறேன் என்று போனவர் கடைசிவரை பார்க்கவில்லை. காக்காவுக்குச் சந்தேகமே இல்லை.

"தாயத்து. யூதன் தாயத்து. நம்மளது மாதிரி சுண்டுவிரல் சைசு இல்லே. பவரு ஜாஸ்தி."

உண்மை தெரிந்தவர் வாப்பா ஒருவர்தான். கடை மூடியதும் சயாவும் அவரும் தெருமுனை டீக்கடையில் முக்காலி போட்டு உட்காருவார்கள். வாப்பாவுக்குத் தெரிந்த இங்கிலீஷும் சயாவுக்குத் தெரிந்த இந்துஸ்தானியும் ஒன்றை ஒன்று தாங்கிப் பிடிக்க, மிச்சத்தைப் பர்மிய மொழி பார்த்துக்கொள்ளும். அப்படித் துண்டு துண்டாகக் கேட்டதை வாப்பா என்னிடம் சொல்லியிருக்கிறார். பெட்டிக்குள் இருப்பது அவர்களுடைய வேத வசனம், தாயத்து இல்லை என்பது முதல் துண்டு.

சயா வியன்னாவில் பிறந்தவர். நாஜிகள் வந்ததும் வாலிப வயதில் தப்பி, எந்த நாடு விசா கொடுத்ததோ அங்கே ஓடினார். ரங்கூன் கொடுத்தது. அவருடைய அப்பா வரவில்லை. நாம் யாருக்கு என்ன கெடுதல் செய்தோம் என்று கேட்டுக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டார். ரயிலில் ஏற்றக் கூட்டிப்போன அன்று காலை, தொழுகைச் சாமான்களை ஒரு நீல வெல்வெட் பையில் போட்டு, வீட்டுத் துணி வெளுக்க வரும் அம்மாளிடம் கொடுத்தார். அந்த அம்மாள் யூத மதத்தவர் இல்லை. கண்டுபிடித்தால் அவளையும் ஏற்றியிருப்பார்கள். உருளைக்கிழங்குக் கூடைக்கு அடியில் அந்தப் பையை யுத்தம் முடியும்வரை வைத்திருந்தாள். யுத்தத்துக்குப் பிறகு சயா பழைய விலாசத்துக்கு ஒரு கடிதம் போட, பதிலாக அந்தப் பை கப்பலில் வந்தது. அப்பா, அம்மா, இரண்டு தங்கைகள் போன முகாமிலிருந்து எதுவும் வரவில்லை.

வாப்பா இதைச் சொன்ன அன்று நான் சோறு சாப்பிடவில்லை. மறுநாள் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எண்பத்தெட்டு ஆகஸ்டில் ராணுவ ஆட்சி வேண்டாமென்று ஊரே தெருவுக்கு வந்தது. செப்டம்பரில் துப்பாக்கியும் வந்தது. கடைகள் பூட்டிக் கிடந்த ஒரு மத்தியானம் சயா எங்கள் வீட்டுக்கு இறங்கி வந்தார். கையில் நீலப் பை. அதைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிவிட்டுத் திரும்ப வைத்தார். அவருக்கு நெஞ்சில் ஏதோ கோளாறு, டாக்டர் நாள் குறித்த மாதிரி பேசிவிட்டார். ஒரே மகள் அறுபதுகளிலேயே ஆஸ்திரேலியா போனவர். தபாலில் அனுப்ப முடியாது. அந்தக் காலத்தில் நம் கடிதத்தை நமக்கு முன்பே அக்கறையாகப் படிக்க ஆள் இருந்தார்கள். ஊரில் மிஞ்சிய யூதர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், அவர்களோடும் சயாவுக்குப் பேச்சு இல்லை. அவர்கள் பாக்தாத் வழி, இவர் ஐரோப்பா வழி, ராகம் ஒத்துப்போகவில்லையாம். எனக்கு அது உடனே புரிந்தது. நாங்களும் பிறைக்காக ஒரே தெருவில் இரண்டு பெருநாள் கொண்டாடுகிற ஜாதிதான்.

"பாய், என் மகள் கையில் மட்டும் கொடுங்கள். அவள் வருவாள்" என்றார் சயா.

"இது அமானிதம் சயா. நான் இருக்கேன்" என்றார் வாப்பா.

அமானிதம் என்றால் நம்பி ஒப்படைத்த பொருள். திருப்பிக் கொடுக்கும்வரை ராத்தூக்கம் கிடையாது என்பது சட்டம். சயா அந்த வருடமே போய்விட்டார். வாப்பா பையை அலமாரிக்கு மேலே, குர்ஆனுக்குப் பக்கத்தில் வைத்தார்.

மதினிக்கு அது பிடிக்கவில்லை. யூதன் சாமான் இருக்கிற வீட்டுக்குள் மலக்குகள், அதாவது வானவர்கள், வரமாட்டார்கள் என்றார். அதற்கு முன்பு வந்துகொண்டிருந்த மாதிரி. அதே மதினி, மூத்த பிள்ளைக்குக் காய்ச்சல் நாலு நாளாக இறங்காதபோது, நாற்காலி போட்டு ஏறி, பையை எடுத்துப் பிள்ளை நெற்றியில் ஒற்றுவதை நான் பார்த்தேன். காய்ச்சல் இறங்கியது. டாக்டர் கொடுத்த மாத்திரைக்கு ஒரு நன்றி இல்லை. அன்றிலிருந்து மலக்குகள் பேச்சும் நின்றது. காக்காவின் தாயத்து சித்தாந்தத்துக்கு வீட்டிலேயே ஒரு அத்தாட்சி கிடைத்துவிட்டது.

மகள் வரவில்லை. விசா கேட்டால் மறுப்பார்கள், அல்லது பதிலே சொல்ல மாட்டார்கள். வாப்பா வருடத்துக்கு ஒரு கடிதம் எழுதுவார், படிக்கிறவர்களுக்கும் சந்தேகம் வராதபடி: உங்கள் அப்பாவின் சால்வை சுகம், நாங்களும் சுகம். தொண்ணூற்றொன்பதில் வாப்பா படுத்தார். கடைசி வாரம் காக்காவை விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"அந்தப் பையை நீ பாத்துக்க புள்ளே. அவ கையிலே கொடுக்கணும்."

கொடுக்கிறேன் என்றேன். நான் வாழ்க்கையில் கொடுத்த வாக்குகள் அதிகமில்லை, கேட்க ஆள் இருக்கவில்லை. இது ஒன்றுதான் பெரிது.

வாப்பா போனதும் காக்கா கடையையும் வீட்டையும் விட்டுவிட்டு ஆற்றுக்கால் தாண்டித் தாகேதாவில் ஒரு மரவீடு பிடித்தார். தகரக் கூரை, சுற்றிலும் காற்று, ஆரோக்கியமான இடம் என்றார். இரண்டாயிரத்தெட்டு மே மாதம் நர்கிஸ் புயல் வந்து, சுற்றிலும் இருந்த காற்றையெல்லாம் ஒரே ராத்திரியில் உள்ளே அனுப்பியது. கூரை போனது. அலமாரி குப்புற விழுந்தது. உயிரோடு இருந்தோம், அதுவே பெரிசு. ஐராவதி டெல்டாவில் ஊர் ஊராகப் போய்விட்டது என்று சேதி வந்துகொண்டிருந்தது.

நாலாம் நாள் நான் தார்ப்பாய் வாங்க வரிசையில் நின்றேன். தார்ப்பாய்க் கடைக்காரர் மகள் தார்ப்பாய்க்கு வரிசையில் நின்றதை வாப்பா பார்த்திருந்தால் சிரித்திருப்பார். அதே நேரம் பள்ளிவாசல் கமிட்டி ஒரு நல்ல காரியம் செய்துகொண்டிருந்தது. எங்களில் ஒரு பழக்கம் உண்டு. ஓத முடியாமல் நைந்துபோன வேதத் தாள்களைக் குப்பையில் போடக்கூடாது, எரிக்கவும் மனசு வராது. ஓடுகிற தண்ணீரில் மரியாதையாக இறக்கிவிடுவோம். புயலில் ஊறிய குர்ஆன்களை வீடு வீடாகச் சேகரித்துப் படகில் ஏற்றினார்கள். தலைமை, எங்கள் காக்கா.

நான் திரும்பி வந்தபோது கொடியில் சயாவின் சால்வை தொங்கியது. மதினி அதைச் சோப்புத்தூள் போட்டுத் துவைத்திருந்தார். நீலப் பையும் பக்கத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

"பெட்டி எங்கே?"

காக்கா திண்ணென்று உட்கார்ந்திருந்தார், முகத்தில் சவாப், அதாவது புண்ணியம், வழிந்தது. தண்ணீரில் ஊறித் தையல் விட்டுப்போய், பெட்டிக்குள்ளே சுருட்டி வைத்த தோல் துணுக்குகள் தெரிந்தனவாம். பொடிப் பொடி எழுத்து.

"நான் அப்பவே சொன்னேன்ல, தாயத்துன்னு. உள்ளே அல்லா கலாம்தான். சுலைமான் நபி காலத்து எழுத்து. இந்தக் கதியிலே வீட்டுல வைக்கலாமா? குர்ஆனோட சேத்து மரியாதையா இறக்கியாச்சு. அந்தப் புஸ்தகத்தையும்தான்."

"அது அமானிதம்!"

"வீணாவா போட்டேன்? புது வெள்ளைத் துணியிலே சுத்தி, அத்தர் தெளிச்சு, ஒரு மய்யித்துக்குச் செய்யற மாதிரி செஞ்சிருக்கேன். என் கையாலே."

செருப்பு மாட்டாமல் ஓடினேன். போட்டாதாங் படகுத்துறை வந்து சேர்ந்தபோது, வெறும் படகு திரும்பி வந்து துறையில் கட்டிக் கிடந்தது. படகுக்காரர் நடு ஆற்றைக் காட்டினார். மூட்டை மிதந்து எங்காவது ஒதுங்கியிருக்குமா என்று கேட்டேன். எங்கள் ஆட்கள் கட்டுகிற பந்தல் மறுநாள் நிற்காது, அடிக்கிற ஆணி சுவரில் தங்காது. அன்றைக்கு மட்டும் கருங்கல் கட்டி, இரட்டை முடிச்சுப் போட்டு, அடியாழத்துக்கு அனுப்பியிருந்தார்கள். முடிச்சுப் போட்டது யார் என்று கேட்டேன். உங்க காக்காதான், நல்ல முடிச்சு, கயிற்றுக்கடைக்காரர் பிள்ளை இல்லையா என்றார் படகுக்காரர்.

வீட்டுக்கு வந்து காக்காவிடம் ஒரு மாதம் பேசவில்லை. ஒரே கூரைக்கு, அதாவது ஒரே தார்ப்பாய்க்குக் கீழே இருந்துகொண்டு அது சுலபமில்லை. எனக்குக் காக்காமீது கோபம், என்மீது அதைவிடக் கோபம். ஒரு துணி வெளுக்கிற அம்மாள், நாஜிகள் வாசலில் நிற்கும்போது மூன்று நாலு வருடம் காப்பாற்றினாள். நான் ஒரு தார்ப்பாய்க்காக அரை நாள் வெளியே போனேன்.

மகளுக்கு எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் 'சால்வை சுகம்' வரைக்கும் வரும், பேனா நின்றுவிடும். இப்படி இரண்டு வருடம் போக்கினேன். இரண்டாயிரத்துப் பத்தில் அவரே எழுதினார், ஒரு டூரிஸ்ட் கூட்டத்தோடு விசா கிடைத்துவிட்டது, வருகிறேன் என்று.

குடும்பக் கவுன்சில் கூடியது. காக்கா கருணையோடு எனக்கு வழி சொன்னார்.

"நர்கிஸ் கொண்டு போயிடுச்சுன்னு சொல்லு. பொய்யா? கூரையே போச்சே."

ரங்கூனில் அது செல்லுபடியாகிற பதில்தான். அந்த இரண்டு வருடத்தில் தொலைந்துபோன எல்லாவற்றையும் நர்கிஸ் கணக்கில்தான் எழுதினார்கள். புயலுக்கு முன்பே காணாமல் போனவை உட்பட. மதினியும் அதுதான் நல்லது என்றார். வயசான பொம்பளை, மனசு உடைஞ்சிடும் என்றார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. இரண்டு வார்த்தை, முடிந்தது வேலை.

அவர் வந்தார். அறுபது தாண்டியவர், குட்டை முடி, கால்சட்டை. நான் வழக்கப்படி மமா, அதாவது அக்கா, என்று கூப்பிட்டேன். அவர் பேசிய பர்மிய மொழி நாற்பது வருடத்துக்கு முந்தியது. வார்டு ஆபீசிலிருந்து ஒருவர் வந்து, வெள்ளைக்காரம்மாவுக்கு இங்கே என்ன ஜோலி என்று விசாரித்து, எங்கள் டீயைக் குடித்து, திருப்தியாகப் போனார். அதன் பிறகு சால்வையை அவர் மடியில் வைத்தேன். முகத்தில் வைத்து மோந்து பார்த்தார். சோப்பு வாசனைதான் வந்திருக்கும்.

"பெட்டிகள்?" என்றார்.

காக்கா தொண்டையைக் கனைத்தார். நர்கிஸ் என்ற வார்த்தை அவர் வாயில் தயாராக இருந்தது தெரிந்தது. நான் முந்திக்கொண்டேன். வரிசையில் நின்றது, தையல் விட்டது, வெள்ளைத் துணி, அத்தர், கருங்கல், எல்லாவற்றையும் சொன்னேன். எழுதாமல் இரண்டு வருடம் ஒளித்ததையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் பயமாக இருந்தது. எதற்கும் 'யாபாடே', பரவாயில்லை, என்று சொல்லிவிடுகிற ஊரில் பிறந்தவர். அதைச் சொல்லிவிட்டால் என்னால் தாங்க முடியாது என்று நினைத்தேன்.

அவர் சொல்லவில்லை. ரொம்ப நேரம் அழுதார். என்னைத் தேற்றவில்லை, நானும் அவரைத் தேற்றவில்லை. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு காக்காவிடம் கேட்டார்.

"எதற்கு வெள்ளைத் துணி?"

காக்கா முதல் தடவையாகத் தலைகுனிந்து பேசினார். "இறந்தவங்களுக்கு நாங்க அப்படித்தான் சுத்துவோம்."

"நாங்களும் அப்படித்தான். என் தாத்தாவுக்கு யாரும் சுற்றவில்லை. எந்த மண் என்றுகூட எங்களுக்குத் தெரியாது." சால்வையை மடித்தபடியே கேட்டார்: "அந்த இடத்தைக் காட்ட முடியுமா?"

போட்டாதாங் படகுத்துறைக்குப் போனோம். சாயங்கால வெயில், அக்கரையில் இருக்கும் தலா ஊருக்குப் படகுகள் போய்வந்துகொண்டிருந்தன. காக்கா நடு ஆற்றை நோக்கிக் கையை நீட்டி, கொஞ்சம் இடது பக்கம், அந்த மிதவைக்கு அந்தப் பக்கம் என்று துல்லியமாகக் காட்டினார். மமா சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டார். அப்பா பார்த்தால் திட்டுவார், பெண்கள் போடுவதில்லை என்றார். பையிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்தார். இறந்தவருக்காகப் பிள்ளைகள் சொல்லும் பிரார்த்தனையாம். எடுத்தவர் படிக்காமல் நின்றார்.

"இதைத் தனியாகச் சொல்லக்கூடாது. பத்து ஆண்கள் நிற்க வேண்டும்."

கமிட்டி மெம்பருக்கு ஆள் சேர்க்கச் சொல்லித் தர வேண்டுமா? இந்த மனிதர் பிறையில் மாறுபட்டவனோடு ஒரே வரிசையில் நின்று தொழமாட்டார். படகுத்துறையில் ஓடி ஓடிப் பிடித்துவந்தார். அந்தப் பழைய படகுக்காரர், இரண்டு மூட்டை தூக்குகிறவர்கள், சைக்கா என்கிற சைக்கிள் ரிக்ஷா ஓட்டுகிற ஒருவர், கடலை விற்கிறவர், டிக்கெட் கிழிக்கிறவர், அடுத்த படகில் போகிறோம் என்று சம்மதித்த இரண்டு பயணிகள். பாதிப் பேர் புத்தரைக் கும்பிடுகிறவர்கள், கடலைக்காரர் இந்து. தன்னையும் சேர்த்து எண்ணிப் பார்த்தார். ஒன்பது. படகு வந்துவிட்டது, மேற்கொண்டு எவரும் நிற்கவில்லை.

மமாவுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. "யூதர்களாக இருக்க வேண்டும்" என்றார்.

"இந்த நேரத்துக்கு எங்கே போறது?" என்றார் காக்கா, நிஜமான கவலையோடு.

"பொம்பளைங்களைச் சேர்க்க மாட்டாங்களா?" என்று நான் கேட்டேன்.

"என் அப்பா வழியில் எண்ணமாட்டார்கள். எத்தனை பேர் நின்றாலும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. உலகத்தில் எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத இரண்டு மதம், இந்த ஒன்றில் மட்டும் கைகோர்த்துக்கொண்டு நிற்கிறது. இருபத்திரண்டு வருடம் அந்தப் பையைப் பற்றி நினைத்துத் தூங்கினவள், அதைத் தொலைத்து அழுதவள், துறைவரைக்கும் வெறுங்காலோடு ஓடியவள் கணக்கில் வரமாட்டாளாம். மூட்டையை அடியாழத்துக்கு அனுப்பிய காக்கா வருவாராம்.

"எண்ணினா எண்ணட்டும், எண்ணாட்டிப் போகட்டும். நான் நிக்கிறேன்" என்று காக்காவுக்கும் படகுக்காரருக்கும் நடுவில் போய் நின்றேன்.

மமா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒவ்வொருவராக விரல் நீட்டி, பர்மிய மொழியில் வாய்விட்டு எண்ணத் தொடங்கினார். கடலைக்காரர் கூடையை இறக்கி வைத்துவிட்டு நேராக நின்றார். காக்காவோடு ஒன்பது ஆனது. விரல் ஒரு நிமிஷம் தயங்கி, என் பக்கம் திரும்பியது.

"பத்து" என்றார். ஆற்றைப் பார்த்துத் திரும்பிப் படிக்க ஆரம்பித்தார்.